டிஸ்சார்ஜ் சம்மரியில் கண்ணுக்கு ஒரு வரி

பூஞ்சை, கண் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் நம் ஆட்களுக்கு ஞாபகம் வருவது 2021 மே மாதம்தான். கொரோனா இரண்டாம் அலை, ஸ்டீராய்டு, எகிறிக் கிடந்த சுகர், அதன் பின்னாலேயே வந்த கருப்புப் பூஞ்சை. வாட்ஸ்ஆப்பில் சுற்றிய வதந்தியை நம்பி, வெங்காயத் தோலில் இருக்கும் கருப்புப் பொடியைப் பார்த்துப் பயந்துபோய் வெங்காயத்தையே தூக்கிப் போட்டவர்கள் உண்டு. அந்த நோய் மூக்கு வழியாக வந்து சைனஸில் உட்கார்ந்து, அங்கிருந்து பக்கத்துச் சுவரை அரித்துக்கொண்டு கண்குழிக்குள் போகும்.

கடலூர் மாவட்டத்து விவசாயிகளுக்கு இன்னொரு கண் பூஞ்சையும் நன்றாகவே பழக்கம். கரும்புச் சோகை கண்ணில் கீறும், நெல் தூற்றும்போது தூசி விழும், நாலு நாளில் கருவிழியில் வெள்ளையாகப் புண் தெரியும். ஃபுசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் வகைப் பூஞ்சைகள் அவை. அதற்கு நாட்டாமைசின் என்று ஒரு பழைய சொட்டு மருந்து இருக்கிறது. விலை கூடின வோரிகோனசோல் சொட்டைவிட அதுவே மேல் என்று 2013-ல் ஒரு ஆய்வு காட்டியது. அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வுதான். கடலூரிலிருந்து பாண்டிச்சேரிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் தவளக்குப்பத்தில் அந்த ஆஸ்பத்திரியைத் தினமும் கடந்துதான் போகிறார்கள்.

நான் எழுத வந்தது மூன்றாவது ஒன்றைப் பற்றி. வெளியே அடிபட்டும் வராது, மூக்கு வழியாகவும் வராது. ரத்தத்தோடு ஓடி வந்து கண்ணின் அடித்தளத்தில் இறங்கும். அதற்குக் காரணமான கேண்டிடா என்ற ஈஸ்ட் நம் வாயிலும் குடலிலும் ஏற்கெனவே குடியிருப்பதுதான். பெரும்பாலும் யாருக்கும் எந்தத் தொந்தரவும் தராது.

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் மைக்ரோபயாலஜி லேபில் எனக்கு வேலை. வீடு திருப்பாதிரிப்புலியூர். ரத்தத்தில் ஈஸ்ட் இருப்பதை அந்த ஆஸ்பத்திரியில் முதலில் பார்க்கிறவர்கள் நாங்கள்தான். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க ஐசியூவிலிருந்து வரும் பிளட் கல்ச்சர் பாட்டில்களை மெஷினுக்குள் அடுக்கி வைப்போம். உள்ளே 35 டிகிரியும் சொச்சமும் சூடு இருக்கும். பாட்டிலுக்குள் ஏதாவது உயிர் வளர்ந்தால் அது விடும் கார்பன் டை ஆக்சைடை வைத்து மெஷின் கண்டுபிடித்துக் கத்தும். அந்தப் பாட்டிலை எடுத்து ஒரு சொட்டை ஸ்லைடில் தடவி, கிருமிக்கு நிறமேற்றும் கிராம் ஸ்டெயின் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். வழக்கமாகத் தெரிவது பாக்டீரியா: ஒரு மைக்ரான் அளவில் பொடிப்பொடியாக, உருண்டையாகவோ குச்சியாகவோ. என்றாவது ஒரு நாள் அதைவிட நாலைந்து மடங்கு பெரிய முட்டை வடிவங்கள், கரு ஊதா நிறத்தில், ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னதாக இன்னொன்று, இடுப்பில் குழந்தையை வைத்திருக்கும் அம்மா மாதிரி ஒட்டிக்கொண்டு தெரியும். ஈஸ்ட் மொட்டு விட்டுப் பெருகும் காட்சி அது. பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

உடனே போன். "சிஸ்டர், உங்க ஏழாவது பெட், பிளட் கல்ச்சர்ல ஈஸ்ட் வளர்ந்திருக்கு. டூட்டி டாக்டர்கிட்ட இப்பவே சொல்லிடுங்க. உங்க பேர் சொல்லுங்க, நேரத்தோட எழுதிக்கிறேன்." சளியிலோ யூரினிலோ ஈஸ்ட் வந்தால் பல நேரம் அது சும்மா ஒட்டிக்கொண்டிருப்பது, மருந்தே வேண்டாம் என்றுகூட டாக்டர்கள் விட்டுவிடுவார்கள். ரத்தத்தில் வந்தால் அந்தப் பேச்சே கிடையாது. ஒரே ஒரு பாட்டிலில் வந்தாலும் வைத்தியம் ஆரம்பிக்க வேண்டியதுதான். இதில் ஒரு வயிற்றெரிச்சல், உள்ளே கேண்டிடா பரவியிருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் பாட்டிலில் வளர்கிறது. மீதிப் பேரின் மெஷின் சத்தமே போடாது.

யாருக்கு வருகிறது? நல்லா நடமாடிக்கொண்டிருப்பவருக்கு அல்ல. வயிற்று ஆபரேஷன் ஆனவர், குடல் ஓட்டையானவர், வாரக்கணக்கில் ஐசியூவில் கிடப்பவர், கழுத்தில் பெரிய ரத்தக்குழாய்க்குள் சென்ட்ரல் லைன் என்ற டியூப் போட்டவர், அதன் வழியாகவே சாப்பாடு ஏறுகிறவர், டயாலிசிஸ் நோயாளி, குறைமாதக் குழந்தை. இவர்களுக்குப் பெரிய பெரிய ஆன்டிபயாட்டிக்காக மாற்றி மாற்றிக் கொடுக்கும்போது குடலில் இருந்த பாக்டீரியாக்கள் செத்து ஒழிகின்றன, ஈஸ்ட்டுக்குப் போட்டிக்கு ஆளில்லாமல் போகிறது. குடல் சுவர் பலவீனமானால் அந்த வழியாகவும், தோலிலிருந்து லைன் வழியாகவும் ரத்தத்தில் ஏறிவிடும். சண்டிகர் பிஜிஐ மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த சக்ரவர்த்தி குழுவினர் இந்தியாவில் 27 ஐசியூக்களைச் சேர்த்துப் பார்த்து 2015-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. ஐசியூவில் சேர்ந்த ஆயிரம் பேருக்கு 6.51 பேர் என்ற கணக்கில் ரத்தத்தில் கேண்டிடா. மொத்தம் 1,400 பேர். கேண்டிடாவில் பல ரகம் உண்டு, மேல்நாட்டுப் புத்தகங்களில் முதலிடம் கேண்டிடா ஆல்பிகன்ஸுக்கு. இங்கே டிராபிகாலிஸ்தான் முன்னால் நின்றது, 41.6 சதவீதம். எங்கள் லேபில், ரகத்துக்கு ஒரு நிறமாக ஈஸ்ட் வளரும் குரோம் அகார் தட்டைத் திறந்தாலும் அதே கதைதான்: ஆல்பிகன்ஸின் பச்சையைவிட டிராபிகாலிஸின் நீலம்தான் அடிக்கடி கண்ணில் படுகிறது.

ஐசியூ பக்கமே போகாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. "உடம்பு அசதியா இருக்கு, ஒரு குளுக்கோஸ் ஏத்திக்கிட்டா தெம்பாயிடும்" என்று தெருமுனை கிளினிக்கில் போய்ப் படுத்துக்கொள்வது நம் ஊரில் சர்வ சாதாரணம். மற்றபடி ஆரோக்கியமாக இருந்தவர்களுக்கு இப்படி டெக்ஸ்ட்ரோஸ் டிரிப்ஸ் ஏற்றிய பிறகு கண்ணுக்குள் பூஞ்சைத் தொற்று வந்ததை வட இந்தியாவில் கண் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். திரவமோ குழாயோ சுத்தமில்லை என்றால் பூஞ்சை நேராக ரத்தத்தில் இறங்குகிறது. வாயால் குடிக்க முடிகிறவருக்கு இளநீர் போதும், ஊசி எதற்கு?

சரி, ரத்தத்திலிருந்து கண்ணுக்கு ஏன் போகிறது? விழித்திரைக்குப் பின்னால் கோராய்டு என்று ஒரு படலம் இருக்கிறது. ரத்த நாளங்களின் பின்னல் என்றே சொல்லலாம்; அதன் எடைக்கு உடம்பில் அவ்வளவு ரத்தம் ஓடும் இடங்கள் குறைவு. ரத்தத்தில் மிதந்து வரும் ஈஸ்ட் அந்த நுண்ணிய நாளங்களில் சிக்கிக்கொண்டு வளர்கிறது. முதலில் கோராய்டிலும் விழித்திரையிலும் வெண்மையும் மஞ்சளும் கலந்த சின்னப் புள்ளிகள். விழித்திரையின் ஓரத்தில் இருந்தால் நோயாளிக்கு ஒன்றுமே தெரியாது. பார்வையின் மையத்தில் விழுந்தால் எழுத்து மங்கும், கோடு வளையும். அதையும் விட்டால் விழித்திரையைத் துளைத்துக்கொண்டு முன்னால் இருக்கும் விட்ரியஸ் என்ற கண்ணாடிக் கூழுக்குள் வரும். அங்கே வெள்ளை உருண்டைகளாகத் தொங்கும். அந்தக் கூழில் ரத்த நாளமே கிடையாது. மருந்து போய்ச் சேருவது கஷ்டம். டாக்டர்கள் எண்டாஃப்தால்மைட்டிஸ் என்று பயந்து சொல்வது இந்தக் கட்டத்தைத்தான்.

அந்த வெள்ளைப் புள்ளியில் தெரிவது பூஞ்சை மட்டுமல்ல, அதை எதிர்க்க வந்து குவிந்த வெள்ளை அணுக்களும்தான். கீமோதெரபி கொடுத்து வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்த நோயாளியின் கண்ணைப் பார்த்தால் அதனால் சுத்தமாக இருக்கும். அணுக்கள் திரும்ப ஏறின பிறகுதான் புள்ளி முளைக்கும். அவர்களுக்குக் கண் பரிசோதனையை, அணுக்கள் தேறி ஒரு வாரத்துக்குள் செய்யச் சொல்வது அதனால்தான்.

மருந்து விஷயத்தில் இருக்கும் சிக்கல் லேபில் இருக்கும் எங்களுக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. ரத்தத்தில் ஈஸ்ட் என்றதும் இப்போது முதலில் தொடங்குவது எக்கினோகேண்டின் வகைப் பூஞ்சை மருந்துகள்: காஸ்போஃபங்கின், மைக்காஃபங்கின், அனிடுலாஃபங்கின். ரத்தத்தைச் சுத்தம் செய்வதில் கெட்டிக்கார மருந்துகள், சிறுநீரகத்தையும் கெடுக்காது. ஆனால் மூலக்கூறு பெரிது, ரத்தத்துக்கும் விழித்திரைக்கும் நடுவில் இருக்கும் தடுப்பைத் தாண்டி விட்ரியஸுக்குள் சரியாகப் போகாது. ஆம்போடெரிசினும் சுமார்தான். நன்றாகப் போவது ஃப்ளூகோனசோலும் வோரிகோனசோலும். ஆக, தினமும் எடுக்கும் பிளட் கல்ச்சர் நெகட்டிவ் என்று வர, காய்ச்சல் இறங்க, லைனையும் கழற்றிவிட, நெகட்டிவ் வந்த நாளிலிருந்து 14 நாள் மருந்தும் முடிய, எல்லாமே புத்தகப்படி நடந்திருக்கும். கண்ணுக்குள் இருப்பது மட்டும் அப்படியே இருக்கலாம். கண்ணில் இருப்பது தெரிந்தால் மருந்தின் வகையே மாறும், நாலு முதல் ஆறு வாரம் வரைக்குமாவது நீளும்.

என் சித்தப்பாவுக்கு நடந்தது இதுதான். நெல்லிக்குப்பம் பக்கத்து ஊர், வயசு அறுபதுக்கு மேல், பல வருஷச் சுகர். குடல் ஓட்டையாகி ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் (எங்களுடையது அல்ல), அப்புறம் ஐசியூவில் நெடுநாள் வாசம். ரத்தத்தில் டிராபிகாலிஸ் வந்தது, எக்கினோகேண்டின் கொடுத்தார்கள், பிழைத்து வந்தார். அதுவே பெரிய விஷயம், ரத்தத்தில் கேண்டிடா வந்த ஐசியூ நோயாளிகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் ஒரு மாதம் தாண்டுவதில்லை. வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்து, திண்ணை வரைக்கும் நடக்க ஆரம்பித்த பிறகு ஒருநாள் போனில் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னார்.

"கண்ணு முன்னாடி கொசு பறக்குதும்மா. கைய வீசினாலும் போவ மாட்டேங்குது."

"எந்தக் கண்ணுல சித்தப்பா?"

"ரெண்டுலயுந்தான்."

"ஒரு கண்ண கையால பொத்திக்கிட்டு எதிர்ல காலண்டரைப் பாருங்க. அப்புறம் மாத்திப் பொத்திப் பாருங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "வலதுல தேதி தெரியுது. இடதுல… எங்க, காலண்டரே புகையாத் தெரியுது."

பின்னாலிருந்து சித்தி குரல்: "அது பவர் மாறியிருக்கும்னு கண்ணாடிக் கடையில சொல்லி, புதுசு எழுதிக் குடுத்துட்டாங்க. வர்ற வாரம் வாங்கணும்."

கண்ணாடிக் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். வந்தவர் ரத்தத்தில் ஈஸ்ட் இருந்தது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? சித்தப்பாவுக்கே தெரியாது. மறுநாளே டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன், நானும் போனேன். அந்தச் சம்மரி நாலு பக்கம். சுகர் எத்தனை மணிக்குப் பார்க்கணும், தையல் போட்ட இடத்தை எப்படித் துடைக்கணும், இட்லியா சாதமா எல்லாம் இருந்தது. மூன்றாம் பக்கத்து நடுவில், 'கேண்டிடீமியா, சிகிச்சை அளிக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் அரை வரி. ரத்தத்தில் கேண்டிடா இருந்தது என்பதுதான் அதன் அர்த்தம். கண் என்ற பேச்சே இல்லை.

சொட்டு மருந்து விட்டுக் கண்மணி விரிய உட்கார வைத்தார்கள். விரிந்த பிறகு வெளிச்சம் கூசும், பக்கத்தில் இருப்பது தெரியாது. சித்தப்பா எரிச்சலில் சித்தியைத் திட்டிக்கொண்டிருந்தார். ரெட்டினா டாக்டர் நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்து, "மேல பாருங்க ஐயா, இடப்பக்கம், கீழ, உங்க மூக்கப் பாருங்க" என்று ஒவ்வொரு மூலையாகத் தேடினார். இடது கண்ணில் மையத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, அதற்கு முன்னால் விட்ரியஸில் பஞ்சு உருண்டைகள். அவர் முதலில் கேட்டது டிபி இருந்ததா, வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா என்று; அந்த வழித் தொற்றுகளிலும் கண்ணில் இப்படிப் புள்ளி வரும். நான் அந்த மூன்றாம் பக்கத்தைக் காட்டினதும் கேள்விகள் நின்றன.

கண்ணுக்குள்ளேயே ஊசி. வோரிகோனசோல், 0.1 மில்லியில் 100 மைக்ரோகிராம். ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆம்போடெரிசின் என்றால் இன்னும் குறைவு, ஐந்திலிருந்து பத்து மைக்ரோகிராம்தான். கூடினால் மருந்தே விழித்திரையைக் கெடுத்துவிடும். கூடவே வாய்வழி ஃப்ளூகோனசோல், வாரக்கணக்கில். நல்லவேளை, அவருக்கு வந்த டிராபிகாலிஸ் அதற்குக் கட்டுப்பட்டது. இப்போதெல்லாம் கட்டுப்படாத ரகமும் நிறைய வருகிறது, கேண்டிடா ஆரிஸ் என்றால் பெரும்பாலும் கட்டுப்படவே படாது. விட்ரியஸை அறுத்து எடுக்கும் விட்ரெக்டமி ஆபரேஷன் தேவைப்படாமலேயே அடங்கிவிட்டது. பேப்பர் படிக்கிறார். நடு எழுத்து ஒன்று மட்டும் எப்போதும் கொஞ்சம் அழிந்திருக்கும் என்கிறார்.

இதை எங்கள் ஆஸ்பத்திரி ஐசியூ டாக்டரிடம் சொன்னபோதுதான் உலக அளவில் இதற்கு ஒரு சண்டையே நடக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டலில், ரத்தத்தில் கேண்டிடா வந்த எல்லோருக்கும், சிகிச்சை தொடங்கி ஒரு வாரத்துக்குள் கண்மணியை விரித்துப் பார்க்கச் சொன்னது. ஐந்து வருஷம் கழித்து 2021-ல் அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி, எல்லோருக்கும் பார்க்க வேண்டாம் என்று எதிர்த்தது. அவர்கள் கணக்கில், கண்ணுக்குள் கூழ் வரை போவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. சுகர், பிரஷர் உள்ளவர்களின் விழித்திரையில் வேறு காரணத்தால் வரும் வெள்ளைப் புள்ளிகளைப் பூஞ்சை என்று நினைத்துக் கண்ணில் ஊசி போட்டுவிடும் ஆபத்தும் இருக்கிறது என்றார்கள். 2011-ல் வந்த ஒரு ஆய்வு இரண்டு பக்கத்துக்கும் பயன்படுகிறது: 370 பேரில் ஏறத்தாழ 16 சதவீதத்துக்குக் கண்ணில் ஏதோ அடையாளம், ஆனால் எண்டாஃப்தால்மைட்டிஸ் ஆறே பேருக்கு.

எங்கள் ஐசியூ டாக்டர், கண் அகாடமியின் பக்கம். "ரெட்டினா டாக்டரை ஒவ்வொரு தடவையும் ஐசியூவுக்கு வரச் சொன்னா வருவாரா? வென்டிலேட்டர்ல இருக்கிறவருக்கு அந்த லென்ஸைப் பிடிச்சுப் பார்க்கிறதே பெரும்பாடு" என்றார். நியாயம்தான். ஆனால் அதே அகாடமி, பார்வையில் மாற்றம் இருப்பவருக்கும், தன் குறையைச் சொல்ல முடியாத நிலையில் இருப்பவருக்கும் பார்க்கத்தான் சொல்கிறது. நம் ஐசியூவில் சொல்ல முடிகிறவர் எத்தனை பேர்? வாயில் குழாய், தூக்க மருந்து, பாதிப் பேருக்கு இரவா பகலா என்றே தெரியாத குழப்பம். அகாடமி சொல்லும் விதிவிலக்கில்தான் நம் நோயாளிகள் முக்கால்வாசிப் பேரும் வருவார்கள் என்பது என் கட்சி.

அதோடு கண்ணாடி விஷயம். ஐசியூவுக்குள் போகும்போது செயின், மோதிரம், பல்செட், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி ஒரு பாலிதீன் கவரில் போட்டு வெளியே இருக்கும் வீட்டாரிடம் கொடுத்துவிடுவார்கள். அது மஞ்சள் பையோடு வெயிட்டிங் ஹாலில் கிடக்கும். அறுபது வயசுக்காரர் கண்ணாடி இல்லாமல் வாரக்கணக்கில் படுத்திருந்தால், மங்கலாகத் தெரிவது அவருக்குப் புதுசாகவா தோன்றும்? "பார்வை எப்படி இருக்கு?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் வரும். முதலில் அவருடைய கண்ணாடியை மாட்டிவிட வேண்டும். ஒரு கண்ணை மூடி தினத்தந்தி தலைப்பைப் படிக்கச் சொல்ல வேண்டும், அப்புறம் மறு கண். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். இதற்கு ரெட்டினா டாக்டர் வேண்டாம், சிஸ்டரே செய்யலாம், மகன் மகள்கூடச் செய்யலாம். வோரிகோனசோல் ஏறுகிறவரிடம் மட்டும் ஒரு ஜாக்கிரதை: அந்த மருந்தே கொஞ்ச நேரத்துக்கு வெளிச்சம் மினுங்குவது, நிறம் மாறித் தெரிவது என்று படுத்தும், தானே சரியாகும். அது வேறு, போகாமல் நிற்கும் மங்கல் வேறு.

இன்னொன்றையும் டாக்டரிடம் கேட்டேன். எல்லோருக்கும் பார்ப்பதா வேண்டாமா என்பதை நீங்கள் பேசி முடிவு பண்ணுங்கள். வீட்டுக்குப் போகிறவருக்கு ஒரு வரி எழுதிக் கொடுப்பதில் என்ன தகராறு? "எல்லாருக்கும் எழுதினா பயந்துடுவாங்கம்மா, நூறு பேர்ல ஒருத்தருக்காக" என்றார். தையல் பிரிந்தால் உடனே வரவும் என்று நூறு பேருக்கும்தானே எழுதுகிறோம் என்றேன். சிரித்தார், எழுதித் தரச் சொன்னார். நான் எழுதினதில் 'பூஞ்சை' என்ற சொல்லை அடித்துவிட்டார். கருப்புப் பூஞ்சை என்று நினைத்து ஓடிவருவார்களாம். அது வாஸ்தவம்தான்.

கம்ப்யூட்டர் சம்மரியில் ஒரு வரி சேர்க்க எத்தனை கையெழுத்து வேண்டும் என்று கேட்காதீர்கள். அது நடக்கிறபோது நடக்கட்டும் என்று ஐசியூ இன்சார்ஜ் சிஸ்டர் நேரு வீதிப் பக்கத்தில் ஒரு கடையில் ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கி வந்துவிட்டார், தமிழில், நீல மை. லேபிலிருந்து ஈஸ்ட் என்று போன் போனவர்களின் சம்மரியில் முதல் பக்கத்தின் மேலே குத்துகிறார்கள்: "உங்கள் ரத்தத்தில் ஈஸ்ட் தொற்று இருந்து சிகிச்சை பெற்றுள்ளீர்கள். அடுத்த சில வாரங்களில் ஒரு கண்ணிலாவது மங்கல், மிதக்கும் புள்ளிகள், வலி, சிவப்பு இருந்தால் கண்ணாடிக் கடைக்குப் போகாமல் இந்தத் தாளுடன் கண் மருத்துவரிடம் உடனே செல்லவும்." ஸ்டாம்ப் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. நோயாளியின் பெயருக்கு மேலேயே விழுகிறது என்று ரெக்கார்டு செக்ஷனில் சண்டை.